இக்கரையின் இருபத்தெட்டு

நாரின் ஆற்றுக்கு இரண்டு கரை.
கரைக்கு ஐந்து பேர்,
அவ்வளவுதான் எங்கள் ஏழாம் வகுப்பு.
நகராட்சியிடம் ஒரே ஒரு வேன் மிச்சமாம்.
எந்தக் கரைக்கு விடலாம்,
நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் என்று
புருல்சா டீச்சர் கரும்பலகையில்
மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார்.
அதுதான் ஆறு.

வீட்டுக் கதவிலிருந்து வகுப்புக் கதவு வரை
எத்தனை நிமிடம்?

அக்கரை சொன்னது:
இருபத்தைந்து, முப்பது, இருபத்தெட்டு,
இருபத்தேழு, முப்பது.
ஒரே பாலத்தை ஒன்றாகக் கடப்பவர்கள்;
எண்களாக வந்தபோதும்
தோளில் கைபோட்டே வந்தார்கள்.

இக்கரையில்
தொக்தோபெக் பன்னிரண்டு. மேரிம் பத்து.
மாவு மில் வீட்டு எர்மெக் பதினைந்து.
நான் எட்டு.
அதிலும் இரண்டு நிமிடம்
பக்கத்து வீட்டு நாயோடு பேசுவதற்கு.
கடைசியாக சைராகுல் எழுந்தாள்.
"தொண்ணூற்றைந்து."

யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.
அவள் விளக்கினாள், விலைப்பட்டியல் வாசிப்பதுபோல:
மலையில் குளிர்கால ஆட்டுப்பட்டி.
அண்ணன் குதிரையில், அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு, சாலை வரை.
சாலையில் பால் லாரிக்காக நிற்பது.
லாரி வராவிட்டால்?
"அதைக் கணக்கில் சேர்க்கவில்லை" என்றாள்.

கூட்டினோம், வகுத்தோம்.
அக்கரை நூற்று நாற்பது, ஐந்தால் இருபத்தெட்டு.
இக்கரை நூற்று நாற்பது, ஐந்தால்
இருபத்தெட்டு.
இக்கரைக்கு அக்கரை பச்சையும் இல்லை,
இரண்டிலும் ஒரே பனி, ஒரே வெள்ளை.

ஆனால் அக்கரையின் இருபத்தெட்டுக்கு ஒரு முகம் உண்டு:
காது மூடும் தொப்பியோடு ஜானார்பெக்.
எங்கள் கரையில்
இருபத்தெட்டு நிமிடத்தில் வருகிறவர் யாருமே இல்லை.
சைராகுலின் சாலையை ரொட்டிபோலப் பிய்த்து
ஆளுக்கொரு துண்டு கொடுத்திருந்தது வகுத்தல்.
என் துண்டை நான் நடந்ததே இல்லை.

"வரிசையா நிறுத்துங்க,
நடுவுல நிற்கிறது யாருன்னு பாருங்க" என்றது அக்கரை.
நிறுத்தினோம்.
எட்டு, பத்து, பன்னிரண்டு...
நடுவில் தொக்தோபெக், வெட்கத்தோடு.
அவர்கள் நடுவில் அதே ஜானார்பெக்.
"வேன் எங்களுக்கு!"
மேசைகள் அதிர்ந்தன.
வரிசையின் கோடியில் நின்றவள்
தொண்ணூற்றைந்தானால் என்ன,
தொள்ளாயிரமானால் என்ன,
நடு அசையாது.

வெள்ளிக்கிழமை நகராட்சியிலிருந்து ஆள் வந்தார்.
முந்தின இரவு முழுக்கப் பனி.
அவள் பெஞ்சு காலி.
எர்மெக், சும்மா இருக்க மாட்டாதவன்,
சட்டைக் கையால் தொண்ணூற்றைந்தைத் துடைத்துவிட்டு
மறுபடி வகுத்தான்:
நாற்பத்தைந்து, நான்கால்,
பதினொன்றேகால்.
அவள் வராத நாளில்
எங்கள் கரை
பள்ளிக்கு நெருங்கி வந்துவிட்டது.

மூன்றாம் பாடவேளையில் கதவு திறந்தது.
பூட்ஸைக் கழற்றி
வெந்நீர்க் குழாய்மேல் கவிழ்த்தாள்.
அதிகாரி தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.
பலகையில் தன் இடம்
ஈரத் தீற்றலாய் இருப்பதைப் பார்த்தாள்,
சாக்பீஸ் எடுத்தாள். விரல் மடங்கவில்லை.
அது இரண்டு தடவை கீழே விழுந்தது.
எழுதினாள்: 140.
"லாரி வரல."

அக்கரை ஐவரின் மொத்த வழியும்
ஒருத்தியின் காலில்.
யாரும் பேசவில்லை.
ஜானார்பெக் மட்டும் உதடசைத்துக் கூட்டினான், வகுத்தான்,
"முப்பத்தேழு" என்றான்,
தன் கரைக்கு எதிராக, தன் தொப்பிக்குள்ளேயே.

வேன் பிப்ரவரியில் வந்தது.
எந்தக் கரைக்கு என்று முடிவாவதற்குள்
அதன் கியர்பெட்டி உடைந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை
நான் என் பங்கு இருபத்தெட்டை நடந்துவிடலாமென்று
வீட்டைத் தாண்டி,
மாவு மில்லைத் தாண்டி,
மலைச்சாலையில் ஏறினேன்.
கடிகாரத்தில் பத்தொன்பது.
காது மரத்துவிட்டது.
திரும்பி ஓடிவந்தேன்,
நாயைக்கூடப் பார்க்காமல்.